முப்பத்தெட்டு சதவீதம்

டோக்கன் ஐம்பத்தெட்டு. பலகையில் நாற்பத்தொன்று எரிந்துகொண்டிருந்தது. இன்னும் பதினேழு பேர் என்று ஆவுடையப்பன் கணக்குப் போட்டார். ஆளுக்கு மூன்று நிமிஷம் வைத்தாலும் ஐம்பது நிமிஷம். நடுவில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பெண் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் ஒரு மணி நேரம். பக்கத்து நாற்காலியில் தங்கச்சி கோமதி மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் வைப்புநிதி ரசீது. ஆறு லட்சம், இன்றைக்கு முதிர்கிறது. அதை எடுத்து அண்ணன் கையில் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள். அண்ணன் பங்குச் சந்தையில் போடுவார், பெருகும், பெருகியதை மட்டும் எடுத்து வீட்டுக்குள்ளேயே ஒரு கக்கூஸ் கட்டிக்கொள்வாள், மழையில் முட்டு வலியோடு குடை பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடக்க வேண்டாம். "அண்ணே, ஆறு லட்சத்துக்கு முப்பத்தெட்டுன்னா ரெண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம் வருது. நேத்து வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டே போட்டுப் பாத்துட்டேன்" என்றாள். "ம்" என்றார். "கொத்தனாரு ஒண்ணு நாப்பது கேக்கான். பாக்கி எம்பத்தெட்டு. ஒனக்கும் முட்டி போயிக்கிட்டுத்தான இருக்கு, நீ வந்தா ஒன்னையும் உள்ள விடுதேன், பயப்படாத." அவளே சொல்லி அவளே சிரித்தாள். முன் வரிசையில் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகள் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசு என்றால் கோபம் வரும். முப்பத்தெட்டு என்றுதான் இவர் சொல்லியிருந்தார். வருஷத்துக்கா மொத்தமாகவா என்று அவள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கவில்லையே. அதற்கு என்ன செய்ய? சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து, மூலையில் இருந்த இயந்திரத்தில் தன் பாஸ்புக்கைச் செருகினார். அது உறுமியது. உறுமி உறுமி ஒரு பக்கம் அடித்துத் துப்பியது. அத்தோடு வந்து உட்கார்ந்திருக்கலாம். வேலையற்ற விரல், பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டியது.

ஐயாயிரம். பங்குத் தரகர் கணக்குக்கு ஐயாயிரம். அதற்கு முந்தின மாதமும் ஐயாயிரம். பென்ஷன் வந்த மூன்றாம் நாள் ஐயாயிரம், பொங்கல் வந்த மாதமும் ஐயாயிரம், மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்த மாதமும் ஐயாயிரம். பெருவிரல் நகத்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு கீறல் போட்டுக்கொண்டே போனார். எதற்கு எண்ணுகிறோம் என்று தெரியவில்லை, எண்ண ஆரம்பித்தால் முடித்தாக வேண்டும், அது அவர் சுபாவம். முப்பத்தாறு கீறல். முதல் பக்கத்தில், மூன்று வருஷத்துக்கு முந்தி, ஒரே வரியில் இரண்டு லட்சம். ஓய்வுபெற்ற பணத்தில் தைரியமாகப் பிய்த்துப் போட்டது. அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பி வந்த வரி ஒன்றுகூட இல்லை. எடுக்கவே இல்லை, பெருகட்டும் என்று விட்டிருந்தார். இரண்டு லட்சம், ஒரு லட்சத்து எண்பது. மூன்று லட்சத்து எண்பதாயிரம் போயிருக்கிறது. சரி. போனால் என்ன, அங்கே இருக்கும். செல்போனில் பங்குக் கணக்கைத் திறந்து கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். பச்சை. எல்லாம் பச்சை. மேலே பெரிதாக முப்பத்தெட்டு சதவீதம் லாபம், பச்சை. அதற்குக் கீழே இன்றைய மதிப்பு, மூன்று லட்சத்து முப்பத்தோராயிரத்து இருநூறு. பார்த்தார். பாஸ்புக்கைப் பார்த்தார். திரும்பவும் செல்லைப் பார்த்தார். மூன்று எண்பது போய், மூன்று முப்பத்தொன்று இருக்கிறது. முப்பத்தெட்டு சதவீதம் லாபம். எங்கேயோ தப்பாகக் கீறிவிட்டோம். மறுபடி எண்ணினார், இந்தத் தடவை முன்னாலிருந்து. முப்பத்தாறு. நாற்பத்துநாலு, நாற்பத்துநாலு என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. கோமதி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இயந்திரம் தப்பாக அடித்திருக்குமோ. அடிக்காது. மாதாமாதம் குறுஞ்செய்தி வந்தது, இவரே பார்த்தார், பார்த்துத் திருப்திப்பட்டார். அப்படியானால் நாற்பத்தெட்டாயிரத்து எண்ணூறு எங்கே? யார் எடுத்தார்கள்? ஒருத்தரும் எடுக்கவில்லை. எல்லாம் பச்சையாக அல்லவா இருக்கிறது, சிவப்பாக ஒன்றுகூட இல்லையே. சிவப்பாக ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை? இருந்தது. முதலில் சர்க்கரை ஆலை. தினம் காலையில் காபியோடு செல்லைத் திறந்தால் அந்த ஒரு வரி மட்டும் சிவப்பாக, சட்டையில் வெற்றிலைக் கறை மாதிரி. பாதி விலைக்கு வந்ததும் பொறுக்க மாட்டாமல் விற்றுத் தொலைத்தார். விற்ற மறுநாள் திறந்தால் அந்த வரியே இல்லை. அப்படி ஒன்று இருந்த தடமே இல்லை. மற்றதெல்லாம் பச்சை, மேலே இருந்த சதவீதம் ஒரே நாளில் குதித்திருந்தது. அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். பிறகு காற்றாலை. பிறகு சிமெண்டு. சிவந்தால் விற்பது, விற்றால் மறைவது, மறைந்தால் சதவீதம் ஏறுவது. கழித்துக் கட்டிவிட்டோம் என்று நினைத்தார். எங்கே கழித்தார்? கண்ணிலிருந்து கழித்தார். மிச்சம் நிற்கிறதற்கு மட்டும்தான் அந்த முப்பத்தெட்டு. அதை வாங்கின விலை இரண்டு லட்சத்து நாற்பது, அது ஏறியிருக்கிறது, வாஸ்தவம். போட்டதில் பாக்கி ஒரு லட்சத்து நாற்பதாயிரம், ஏழு கம்பெனி, செத்துப் புதைத்துப் புல்லும் முளைத்துவிட்டது. அதை ஒருநாளும் தராசில் வைக்கவில்லை. தராசு. அந்தச் சொல் வந்ததும் காது சூடாகியது. முப்பத்துநாலு வருஷம் முத்திரை ஆய்வாளர். தராசு, எடைக்கல், பெட்ரோல் பங்க் குழாய் எதுவானாலும் ஆவுடையப்பன் சோதித்து முத்திரை குத்தினால்தான் இந்தத் தாலுகாவில் அளக்கலாம். முத்திரையிட்ட நல்ல கல்லை மேசைமேல் வைத்துவிட்டுத் தேய்ந்த கல்லை மிளகாய் வத்தல் மூட்டைக்குள் ஒளித்த வியாபாரியை, மூட்டையோடு தெருவில் கொட்டி எல்லாரையும் பார்க்க வைத்தவர். கண்ணீரா, வத்தல் நெடியா, அந்த ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான். குடும்பம் இருக்கு சார் என்றான். கல்லை எடுத்து வெளியே வை என்றார்.

இருக்கட்டும், இருக்கட்டும், நியாயமாகப் பார்ப்போம். மாதாமாதம் போட்டதற்கெல்லாம் மூன்று வருஷம் ஆகிவிடவில்லை. போன மாதம் போட்ட ஐயாயிரம் என்ன செய்யும் பாவம், அதற்கு ஒரு மாதம்தான் வயசு. அதைப் பிடித்து நீ ஏன் வளரவில்லை என்று கேட்கக் கூடாது. சராசரியாக ஒன்றரை வருஷம் வைக்கலாம். வைத்தார். வைத்தாலும் போட்டதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. எத்தனை வருஷத்தால் வகுத்தாலும் கழித்தல் குறி கழித்தல் குறியாகவே நிற்கிறது, வகுத்தால் சின்னக் கழித்தல், அவ்வளவுதான். இதே பணம் இந்த பாங்கில் வைப்புநிதியாகச் சும்மா கிடந்திருந்தால் நாலு லட்சத்து நாற்பதைத் தாண்டியிருக்கும், அதற்குக் காலையில் ஒன்பதே காலுக்கு உட்கார்ந்து சந்தை திறக்கிறதைப் பார்க்க வேண்டாம், பெண்டாட்டியிடம் "சும்மா இரு, முக்கியமான நேரம்" என்று எரிந்து விழ வேண்டாம். முதல் வருஷம் என்ன சொன்னோம்? இரண்டு லட்சம் இரண்டு முப்பது ஆகிவிட்டது, பதினைந்து சதவீதம் என்று கோமதி வீட்டில் சோறு தின்றுகொண்டே சொன்னோம். அந்த வருஷம் இவர் கையாலேயே அறுபதாயிரம் உள்ளே போட்டிருந்தார். இரண்டும் அறுபதும் சேர்ந்து இரண்டு முப்பது. முப்பதாயிரம் செத்திருக்கிறது, அதற்குப் பெயர் பதினைந்து சதவீதம் லாபம். கடவுளே. டப்பா. டப்பாவோடு சேர்த்து நிறுத்தோம். அல்வாக்கடை பாப்பையா அப்படித்தான் செய்வான், நாற்பது கிராம் அட்டை டப்பாவைத் தராசில் வைத்து அதற்குள் அல்வாவைப் போட்டு மொத்தத்துக்கும் அல்வா விலை வாங்குவான். பிடித்தபோது "டப்பாவும் நாங்க துட்டு குடுத்து வாங்குததுதான சார்" என்றான். கடையில் தீபாவளிக் கூட்டம். இவர் கத்தின கத்தலில் கூட்டம் பின்னால் நகர்ந்தது. டப்பாவைத் தனியா நிறு, அல்வாவைத் தனியா நிறு, எது எதுன்னு தெரியாதவன் எதுக்குல தராசு பிடிக்க. பாப்பையா செத்துப் போய் நாலு வருஷம் ஆகிறது. நல்லவேளை. இல்லை, என்ன நல்லவேளை, சீ. பாஸ்புக் அட்டையில் விரல் தடம் விழுந்தது, கையை வேட்டியில் துடைத்தார். மின்விசிறி சுற்றியது, காற்று இங்கே வரவில்லை. ஐம்பது, ஐம்பது, யாருப்பா ஐம்பது என்று காவல்காரன் கேட்டான். ஐம்பது இல்லை. டீ குடிக்கப் போயிருப்பான். அவன் வரட்டும் என்று ஆவுடையப்பன் நினைத்தார், அவன் வந்து சண்டை போடட்டும், பாங்கே நின்று போகட்டும். நின்றதா? ஐம்பத்தொன்று எரிந்தது.

இப்போதே சொல்லிவிடலாம். கோமு, எழுந்திரு, வீட்டுக்குப் போவோம். ஏன் என்பாள். ஏன் என்று கேட்டால்? பக்கத்துப் பெண்ணிடம் அவள் பேச ஆரம்பித்திருந்தாள், காதில் விழாமல் இருக்க முடியாது. "எங்க அண்ணன்தான். தராசு சார்னு சொன்னா ஊருக்கே தெரியும். அவுக அளந்தா அளந்ததுதான், பெறவு யாரும் மாத்த முடியாது. மூணு கடைக்காரன் வேலைய விட்டு ஓடிட்டான்னா பாத்துக்கிடுங்க." அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "எந்தப் பங்கு சார் வாங்கலாம், எங்க வீட்டுக்காரரும் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றாள். ஆவுடையப்பன் பாஸ்புக்கை மூடினார். "வாங்காதீங்க" என்றார். கோமதி கைதட்டிச் சிரித்தாள். "பாத்தியளா, சொல்ல மாட்டாவ. கமுக்கம்." நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லலாம். அதுதான் சுலபம். சாய்ந்துவிட வேண்டும், அவள் பதறுவாள், ஆட்டோ வரும், ஆஸ்பத்திரியில் நாலு நாள், ரசீது தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிடும். சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் நிஜமாகவே இடது பக்கம் பிடித்தது. பிடித்ததா, பிடிக்கட்டும் என்று நினைத்தாரா? மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பாழாய்ப்போன நெஞ்சு, வேண்டுகிற நேரத்தில் கல் மாதிரி இருக்கிறது. அல்லது சொல்லாமலே இருக்கலாம். ஆறு லட்சமும் உள்ளே வந்தால் மொத்தம் ஒன்பது முப்பத்தொன்று. செல்லைத் திறந்தால் ஒன்பது முப்பத்தொன்று. அந்த எண்ணை மனசுக்குள் பார்த்தபோது உடம்பு லேசாகியது, முதுகுத் தண்டில் குளுமையாக ஏதோ இறங்கியது, நல்ல கம்பெனியாக நாலு பார்த்துப் போட்டால் இரண்டே வருஷத்தில் அவளுக்கும் கொடுத்து விட்டதையும் பிடித்துவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம், கக்கூஸுக்கு வேண்டுமானால் முதலிலேயே அந்த ஆறிலிருந்து ஒன்று நாற்பதை எடுத்து இதுதான் லாபம் என்று கொடுத்துவிட்டால் அவள் எப்படிச் சந்தோஷப்படுவாள். என்ன நினைத்தோம் இப்போது? அவள் பணத்தையே அவளிடம் எடுத்துக் கொடுத்து லாபம் என்று சொல்வது. யார் அப்படி நினைத்தது? உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து சாவகாசமாக நினைக்கிறான், இவர் குரலிலேயே நினைக்கிறான், திட்டம் போட்டு முடித்தும்விட்டான். ஆவுடையப்பன் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்தார். தங்கச்சியின் கால் கண்ணில் பட்டது. ரப்பர் செருப்பு, வலது குதிகால் பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தது, முட்டு வலிக்கு ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற நடை. முப்பத்தொரு வருஷச் சம்பளம், ஓய்வில் கிடைத்தது, சீட்டு பிடித்தது, சங்கிலி விற்றது, எல்லாம் கூட்டித்தான் ஆறு. அதன் வட்டியில்தான் மாத்திரையும் கேஸ் சிலிண்டரும். சந்தையில் போட்டால் மாதாமாதம் வட்டி வராது என்பதுகூட அவளுக்குச் சொல்லவில்லை. அதையும் சொல்லவில்லை. ஐம்பத்தேழு.

ஐம்பத்தெட்டு என்றதும் கோமதி எழுந்தாள். எழுகிறதற்கு அண்ணன் தோளைப் பிடித்தாள். இருவரும் கண்ணாடி முன்னால் போய் நின்றார்கள். அந்தப் பெண் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "குளோஸ் பண்ணணுமாம்மா, ரினியூவலா?" என்றாள். "குளோஸ்தாம்மா. துட்ட எங்க அண்ணன் கணக்குக்கு மாத்திரணும்" என்றாள் கோமதி. "ரினியூவல்" என்றார் ஆவுடையப்பன். பெண் இருவரையும் பார்த்தாள். கோமதி அண்ணன் பக்கம் திரும்பினாள். "என்னண்ணே?" "சந்தை சரியில்ல இப்ப." "நேத்து வரைக்கும் சரியாத்தான இருந்துச்சு?" "இன்னைக்கு சரியில்ல. ஒரு வருசம் போகட்டும்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது, இவர் பயந்தபடி மாறவில்லை, வேறு மாதிரி மாறியது. "ஒனக்கு முப்பத்தெட்டு வந்தா சந்தை நல்லாருக்கு. எனக்கு வரணும்னா சரியில்ல, அப்படித்தான?" "அது இல்ல கோமு." "அப்பாவோட மேலத்தெரு வீட்டுல பங்கு வேண்டாம்னு நீ கையெழுத்துக் கேட்டப்போ ஒரு வார்த்தை பேசாமப் போட்டேன்லா. நீயா குடுத்த அம்பதாயிரத்த வாங்கிக்கிட்டு வந்தேன்லா. ஒரு கக்கூஸு, அண்ணே. அது கட்டுறதுகூட ஒனக்குப் பொறுக்கலையா?" பின்னால் யாரோ நேரமாவுது என்றார்கள். இதை ஆவுடையப்பன் நினைக்கவே இல்லை. பொய்க் கல் என்று பிடிபடுவோம் என்று பயந்தார், கஞ்சன் என்று பிடிபடுவோம் என்று நினைக்கவில்லை. இப்படியே விட்டுவிடலாம், பணம் தப்பிக்கும், பெயரும் தப்பிக்கும், தங்கச்சி மட்டும் போய்விடுவாள். "எனக்கு நட்டம்" என்றார். குரல் வரவில்லை. மறுபடி சொன்னார். "எனக்கு நட்டம், கோமு. லாபமே இல்ல. போட்டதுல நாப்பத்தெட்டாயிரம் போச்சு."

கோமதி சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "ஒன் போன்ல என் கண்ணால பாத்தேன், பச்சையா இருந்துச்சு. முட்டைக் கணக்கு எழுதுனவகிட்ட வந்து கணக்கு காட்டுதியா? குடுக்க மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லு, நட்டம்னு பொய் சொல்லாத. நீ பண்ணாட்டா என்ன, எங்க தெரு டிராவல்ஸ்காரன் மவன் பண்ணுதானாம், வாசல்ல வந்து வாங்கிட்டுப் போவான். நீ குளோஸ் பண்ணும்மா." பேனாவை எடுத்தாள். கயிறு கட்டின பேனா. படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடினாள். தப்பாகச் சொன்னபோது நம்பினாள், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், சரியாகச் சொன்னால் பொய் என்கிறாள். வேறு எப்படிச் சொல்வது? எதைக் காட்டினாலும் அந்தச் செல் பச்சையாகத்தான் எரியும். ஆவுடையப்பன் படிவத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். பேனா முனை விரலில் இடித்து நீலக் கோடு போட்டது. "சார், கையை எடுங்க" என்றாள் அந்தப் பெண். "எடுண்ணே" என்றாள் கோமதி. எடுக்கவில்லை. வரிசை முணுமுணுத்தது. காவல்காரன் எழுந்து வந்தான். "சர்க்கரை ஆலை" என்றார் ஆவுடையப்பன். முப்பத்துநாலு வருஷம் கடை வாசலில் நின்று கத்தின குரல், அந்தக் கூடத்தில் இடித்துத் திரும்பியது. "நாப்பத்தி நாலாயிரத்துக்கு வாங்குனேன். இருபத்திரெண்டுக்கு வித்தேன். இருபத்திரெண்டாயிரம் போச்சு. வித்ததும் போன்ல இருந்து மறைஞ்சிரும், அதான் ஒனக்குத் தெரியல. காற்றாலை, முப்பத்தோராயிரம் போச்சு. ஒன் வீட்டுல பாயாசம் வச்ச அன்னைக்குக் காலைலதான் வித்தேன், வித்துட்டு வந்துதான் பச்சையா இருக்கு பாருன்னு காட்டுனேன்." மறந்துவிட்டோம் என்று நினைத்திருந்தது ஒன்றுகூட மறக்கவில்லை, விலையும் நாளும் நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தன. "சிமெண்டு, ஒம்பதாயிரத்து ஐந்நூறு. துணி மில்லு, பதினெட்டாயிரம்." காவல்காரன் கிட்டே வந்து நின்றுவிட்டான். கோமதி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போவதையும் அவர் துடைக்காததையும் பார்த்தாள். "இறால் பண்ணை, இருபத்தேழாயிரம்." அவள் கையிலிருந்து பேனா நழுவிக் கயிற்றில் தொங்கியது. "ரினியூவலே போடும்மா" என்று கண்ணாடிக்குள் பார்த்துச் சொன்னாள். "ஒரு வருசத்துக்கு." பிறகு மெதுவாக, அவள் மெதுவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை, "போதும்ணே. எல்லாரும் பாக்காவ" என்றாள். "பேட்டரிக் கம்பெனி, பதினாலாயிரத்து ஐந்நூறு" என்றார் ஆவுடையப்பன். "போதும்ணே" என்று அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் நிறுத்தவில்லை. ஏழாவது பாக்கி இருந்தது.